மதுவந்தி வாங்கிய ஆறு மீன்கள்

என் அத்திம்பேர் ஜம்புநாதனைப் பற்றி யாராவது கேட்டால், "போர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தார், டாக்குரியாவில் இரண்டாம் மாடியில் இருக்கிறார், மீன் வளர்க்கிறார்" என்று மூன்று வரியில் முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அதற்கு மேல் பேசினால் என் வண்டவாளமும் தண்டவாளத்தில் ஏறிவிடும். அந்தப் பயம் இப்போது இல்லை. இனி என்ன இருக்கிறது மறைக்க?

வசுமதி அக்காவின் கணவர் அவர். கல்கத்தாவில் நாற்பத்தாறு வருஷமாக இருக்கிறார். ஒரு நாள்கூட மீன் மார்க்கெட்டுக்குள் கால் வைத்ததில்லை. டாக்குரியா பஜாரில் காய்கறி வரிசை முடிகிற இடத்தில் மீன் வரிசை தொடங்கும். அந்த இடம் வந்ததும் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார். ஆனால் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, அது நிறைய மீன். நீந்தினால் மச்சாவதாரம், தட்டில் விழுந்தால் மகாபாவம். எங்கள் குடும்பத்து சாஸ்திரம் அது.

அந்தத் தொட்டி மதுவந்திக்காக வந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்தான் அவளைக் கேலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளி, நாய்க்குட்டி, பூச்செடி, மீன் எல்லாம் தெருவிலேயே வைத்து விற்கிற சந்தை. பளபளவென்று எத்தனையோ மீன் இருக்க, அவள் ஒரு மூலையில் இருந்த ஹனி கௌராமியில் ஆறு எடுத்தாள். கட்டைவிரல் நீளம். ஆணுக்காவது காலம் வந்தால் தேன் நிறம் வரும், கழுத்துக்குக் கீழே கறுக்கும். பெண் மீன் வெறும் சாம்பல், பக்கவாட்டில் ஒரு பழுப்புக் கோடு, அவ்வளவுதான்.

"இது எதுக்குடி? அழகா வேற எவ்ளோ இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் யாராவது வாங்கிடுவா மாமா. இதை யாரு வாங்குவா?" என்றாள்.

அந்த நவம்பரில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டாள். சட்டென்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வதென்று பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

அதுவரை அத்திம்பேருக்கு மீனைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. பிறகு எல்லாம் கற்றுக்கொண்டார். இந்த ஜாதியில் ஆண் மீன்தான் கூடு கட்டும். தண்ணீரின் மேல், இலைக்கு அடியில், வாயால் நுரை ஊதி ஊதிக் கட்டும். பெண் முட்டையிட்டதும் ஆணே காவல் காக்கும். குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது. அவற்றுக்கு ஊட்ட மொட்டை மாடியில் பாட்டில் பாட்டிலாகப் பச்சைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். மதுவின் ஆறும் செத்தன. அவற்றின் குஞ்சுகள் இருந்தன. அவையும் செத்தன. அவற்றின் குஞ்சுகள் இருந்தன. ரத்தம் கெட்டுப்போகக் கூடாது என்று எப்போதாவது கடையிலிருந்து ஒன்றிரண்டு வாங்கிச் சேர்ப்பார். அப்படியே பதினெட்டு வருஷம் அந்த வம்சத்தை இழுத்துக்கொண்டு வந்தார். மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சென்ற வருஷம் ஏப்ரலில் புதிதாக வாங்கிப்போட்ட ஒரு செடியோடு ஏதோ நோய் வந்து சேர்ந்தது. மீன்களின் மேல் பஞ்சு மாதிரி படர்ந்தது. இரண்டு வாரத்தில் தொட்டி காலி. ஓர் ஆண் மீன் மட்டும் மிஞ்சியது.

ஒரே ஒரு பெண் மீன் கிடைத்தால் போதும், வம்சம் ஓடும். கடை கடையாக ஏறினோம். எங்கே போனாலும் ஒரே பதில்: "ஓட்டா ஆர் ஆஷே நா, மேஷோமஷாய்." அது இப்போதெல்லாம் வருவதில்லையாம். வாஸ்துவுக்கு என்று நெற்றி புடைத்த பெரிய மீன் கேட்கிறார்கள். வரவேற்பறைக்கு விளக்குப் போட்ட மாதிரி மின்னுகிற மீன் கேட்கிறார்கள். யாருக்கு வேண்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் நீள மீன்? ஒரு கடைக்காரன் பண்ணையில் வளர்த்த மஞ்சள் மீனைக் காட்டி இதுவும் ஹனிதான் என்று சாதித்தான். அத்திம்பேர் இரண்டு வாங்கி விட்டுப் பார்த்தார். ஒரு வாரம் தாங்கவில்லை.

இனிமேல் என் வண்டவாளம்.

நான் மீன் சாப்பிடுவேன். பாங்கில் சேர்ந்த மறுவருஷமே பெங்காலி சிநேகிதர்கள் பழக்கிவிட்டார்கள். அவர்கள் மேல் பழி போடுவானேன், ருசி கண்டது நான். ரிடையரான பிறகு, மனைவி அமலா பெண்ணின் பிரசவத்துக்குப் பெங்களூர் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, பெஹாலாவில் என்னைக் கேட்பாரில்லை. வாரம் இரண்டு நாள் மீன். அக்கா வீட்டுக்குப் போகிற அன்று மட்டும் காலையில் சந்தன சோப்புப் போட்டுக் குளித்து, நெற்றி நிறைய விபூதி.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி. நல்ல மழை. பெஹாலா மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்குகிற மீன்கார மாஷி அலுமினியத் தட்டில் ஒரு விரல் தண்ணீர் விட்டு, உயிரோடு பொடி மீனைக் குவித்து வைத்திருந்தாள். ஏதோ துள்ளியது. குனிந்து பார்த்தேன். சாம்பல் உடம்பு, பழுப்புக் கோடு. ஒன்றில்லை, இரண்டில்லை, நாற்பது ஐம்பது இருக்கும்.

"எட்டா கீ, மாஷி?" என்று அதன் பெயரைக் கேட்டேன்.

"கோல்ஷே" என்றாள். கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் அமிர்தம் என்றும் சொன்னாள்.

கோல்ஷே! அதை நான் எத்தனை முறை தின்றிருக்கிறேன். கடுகெண்ணெயில் பொரித்த பிறகு எல்லா மீனும் ஒரே நிறம்தான். எனக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் நாங்கள் தேடிய மீன் வயலிலும் குளத்திலும் பிடிபட்டு, மழைக்கு மழை மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. டாக்குரியா பஜாருக்கும் வந்திருக்கும், அத்திம்பேர் தினமும் திரும்பிப்போகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி.

அப்போதே நாலு வாங்கிக்கொண்டு டாக்குரியாவுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எங்கே வாங்கினாய் என்று கேட்பார். ஒரு கடையைச் சொன்னால், அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கடைக்குக் கிளம்புகிற ஆள். நிஜத்தைச் சொன்னால் அக்கா? மதுவின் பிறந்த நாளன்று ஒவ்வொரு வருஷமும் அக்கா பாயசம் வைத்து, எனக்குத்தான் முதல் இலை போடுவாள். "மாமா சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரி" என்பாள். மீன் தின்கிற வாய் என்று தெரிந்தால் அந்த இலையைப் போடுவாளா? அடுத்த வாரம் ஏதாவது யோசித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்றைக்குப் பாப்தா மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரமும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும். தட்டில் மட்டும் கோல்ஷே துள்ளிக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு ஞாயிறு அத்திம்பேரோடு கேலிஃப் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயசு மனுஷன் முழங்கால் வலியோடு கடைகடையாய்க் குனிந்து பார்க்கிறார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு, "கிடைச்சுடும் அத்திம்பேர்" என்கிறேன். வெட்கங்கெட்ட ஜன்மம்.

தொட்டியில் அந்த ஆண் மீன் ஒற்றையாக நுரைக்கூடு கட்டிக்கொண்டிருந்தது. கலையும், மறுபடி கட்டும். "பாத்தியா, ரெடியா இருக்கான்" என்பார் அத்திம்பேர். செப்டம்பர் கடைசியில் கட்டுவதை நிறுத்திவிட்டது. ஒரு மூலையில் சாய்ந்தாற்போல் நின்றது.

"வயசாயிடுத்துடா. இந்த ஜாதிக்கு ரெண்டு மூணு வருஷம்தான் ஆயுசு" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. தட்டில் கோல்ஷே இல்லை. மழை நின்றது, தண்ணீர் வடிந்துவிட்டது, இனி அடுத்த ஆஷாட மாசம்தான் என்றாள் மாஷி. அங்கிருந்து நேரே டாக்குரியா போய், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டினேன். மீன் தின்பதிலிருந்து ஆரம்பித்து.

அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நீ மீன் சாப்பிடறது எங்களுக்குத் தெரியும்டா வெங்கட்டு" என்றாள்.

"எப்படி?"

"அமலா கல்யாணமான வருஷமே சொல்லி அழுதா. அவ சொல்லாட்டாலும் உன் சட்டை சொல்லிடும். சந்தன சோப்புக்கு அந்த வாசனை போயிடுமா?"

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேட்கலே?"

"கேட்டா நீ இங்க சாப்பிட வரமாட்டே. நீயும் வரலேன்னா நாங்க யாருக்கு இலை போடறது?"

பூனை கண்ணை மூடிக்கொண்டதாம். உலகம் என்னவோ பட்டப்பகலாகத்தான் இருந்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக யாருக்கும் தேவையில்லாத ஒரு ரகசியத்தை நான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அத்திம்பேர் திட்டியிருக்கலாம். கை நீட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"என்னிக்குப் பாத்தே?" என்றார்.

"ஆகஸ்ட் பதினஞ்சு."

அவர் நாள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, போலாம்."

பெஹாலா மார்க்கெட்டில், வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு, அத்திம்பேர் மீன் வரிசைக்குள் நுழைந்தார். ரத்தமும் செதிலும் கலந்த தண்ணீரில் செருப்பு சளக் சளக்கென்றது. ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நின்று, கோல்ஷே இருக்கிறதா என்று சுத்தமான பெங்காலியில் மரியாதையாகக் கேட்டார். கடைசித் தட்டில் செத்துக் கிடந்த பொடி மீனுக்கு நடுவில் ஒன்று கண்ணில் பட்டது. விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பொண்ணு" என்றார். திரும்ப அதைத் தட்டிலேயே வைத்தார்.

துர்கா பூஜை சப்தமி அன்று காலை, தெருப் பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண் மீன் செத்துப்போனது. அக்கா போனில் சொன்னாள். அத்திம்பேர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். தொட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

இந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. ஜூன் கடைசியிலேயே மாஷி எனக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு மீன் பொறுக்கினேன், எட்டு பெண், நாலு ஆண். மூடி போட்ட வாளியில் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு, டாக்ஸியில் போனேன். படியேறும்போது என் மனசு சின்னப் பையன் மாதிரி அடித்துக்கொண்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்திம்பேர் வாளியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஆண் மீனுக்குத் தேன் நிறம் ஏறியிருந்தது.

"நல்ல ஜாதி. ஆரோக்கியமா இருக்கு" என்றார்.

"எல்லாம் உங்களுக்குத்தான் அத்திம்பேர்."

மூடியைப் போட்டார். "போன வருஷம் இதுல ஒண்ணு வந்திருந்தா மதுவோட மீன் இன்னும் இருந்திருக்கும். இது வெறும் மீன்டா, வெங்கட்டு."

குரலில் கோபமே இல்லை. அக்கா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.