சுடாத குண்டம்

தொண்ணூற்றாறு மாசியில், கிணத்துக்கடவுப் பக்கத்து அம்மன் கோயிலில் நஞ்சப்பன் பதினேழாவது வருடமாகத் தீக்குண்டம் இறங்கினார். தேங்காய்க் களத்தில் காவல் இருக்கும் ஐம்பத்தைந்து வயது மனிதர் ஊர்க் கண்ணில் படுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். எப்போதும் தணல் சுடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் கடப்பார். இந்த முறை சுடவே இல்லை. நிதானமாக நடந்து கரையேறினார்.

ஊர் சும்மா இருக்குமா? "நஞ்சப்பண்ணனை ஆத்தா கையில தாங்கீட்டுப் போனா" என்றது. அவர் மனைவி கருப்பாத்தாள் செத்து மூன்று வருடமாக வீட்டுப் படி மிதிக்காத சனம், வந்து திருநீறு கேட்டது. இரண்டே வாரத்தில் மறந்தும் போனது. நஞ்சப்பனுக்கு அதில் வருத்தமில்லை. சோறு வடிக்கும்போது கோயில் ஆத்தாளிடம் பேசிக்கொண்டிருப்பார். தனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

களத்தில் தேங்காய் உரிக்கும் பொற்கொடிதான் முதலில் சொன்னாள்.

"ஏனுங்ணா, காலு நாறுதுங்க."

பெருவிரலுக்கு அடியில் புண் கறுத்துக் கிடந்தது. வலி துளியும் இல்லை. "ஆத்தா பார்த்துக்குவா கண்ணு" என்று திருநீற்றை அப்பிக்கொண்டார். காய்ச்சலில் சுருண்ட பிறகு, பொற்கொடி அவரைக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

பெண் டாக்டர் ஊசியோடு காலருகே குனிந்தார். நஞ்சப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"எப்பங்க குத்துவீங்க?"

"குத்தியாச்சுங்க. எத்தனை வருசமா சர்க்கரை?"

"எட்டு வருசமுங்க. மாத்திரை தீந்தா வாங்கறதில்லீங்க."

"ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்குதுங்க. குழாய் விரியறது, ரத்தம் தடையில்லாம ஓடறது எல்லாம் அதோட வேலை. சர்க்கரை அதைக் கெடுத்துப்போட்டுது. நரம்புக்கு ரத்தம் பத்தாம மரத்துப்போச்சு. புண்ணுக்கும் பத்தலை, அதான் ஆறலை. விரலை எடுத்தாத்தான் காலு மிஞ்சுமுங்க."

விரல் போவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"அப்ப குண்டத்துல சுடாதது?"

"அதுவும் இதனாலதானுங்க."

கருப்பாத்தாள் செத்த அன்றுகூட அழாதவர், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். வலிக்கிறதாக்கும் என்று நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விரல் போனது, கால் தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "உள்ளங்காலைத் தினமும் பார்க்கோணுங்க. உங்களுக்குச் சரியாத் தெரியாது, வேற யாராச்சும் பார்த்துச் சொல்லோணும். ஊட்டுல ஆரு இருக்காங்க?"

போன மாதம் கேட்டிருந்தால், ஆத்தா இருக்கிறாள் என்றிருப்பார்.

"ஆருமில்லீங்க" என்றார்.