மூடாத கேட்

தம்போயில் என் அத்தை வீட்டுக் கேட்டுத் தூணில், முழங்கால் உயரத்தில், கறுப்பாக ஒரு சின்னக் கண் இருக்கும். எதிர்த்தூணில் அதற்கு ஒரு ஜோடி. இரண்டுக்கும் நடுவே ஒரு பூனை நின்றால்கூட ஆட்டோ கேட் மூடாது. யாரையும் நசுக்கிவிடக் கூடாதாம். அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை, அந்தக் கண்தான் வருகிறது.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எங்கள் ஊர் கோத்தா திங்கியிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்து, டயர் கடையில் சேர்ந்தேன். டயர் கழற்றாத நேரங்களில் அத்தையைச் சீண்டுவது என் வேலை. மாமா போனபின் அவர் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக ஒரே லைனில் நின்று சின்னச் சின்னப் பலகைகளில் கம்பி பொருத்திக்கொண்டிருந்தார். நேற்று சேர்ந்தவர்களெல்லாம் லைன் லீடராகிப் போனார்கள். அத்தை மட்டும் அதே இடத்தில்.

அந்த ஆட்டோ கேட்டுக்கும் நான்தான் காரணம். ஒரு விடுமுறை நாள் மதியம் நான் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, திருடன் என்னைத் தாண்டிப் போய் டிவியையும் சமையல் கேஸ் தோம்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸ்காரரிடம் அத்தை சொன்னார்: "காவலுக்கு ஆள் இருந்தான் சார். போர்வையைக்கூட நகட்டல." அதற்கப்புறம்தான் கேட் வந்தது. ரிமோட்டை அழுத்தி, முழுதாக மூடும்வரை நின்று பார்த்து, கையால் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்த பிறகே அத்தை வேலைக்குப் போவார். மோட்டார் பெட்டியைத் திறந்து கேட்டைக் கையால் தள்ளுவதற்கு ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். அத்தை அதை எவ்வளவு பத்திரமாக வைத்தார் என்றால், எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அத்தை சந்தனத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தார். "வீட்ல எல்லாத்துக்கும் வை. ஒன்னும் விடாதே." ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின், தையல் மெஷின், என் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். மிச்சச் சந்தனத்தோடு வெளியே போனேன். கேட் மூடியிருந்தது. வீட்டைக் காக்கிற கண்ணுக்கு வைக்காவிட்டால் எப்படி என்று சிரித்துக்கொண்டே, கட்டியாக உருட்டி நடுவில் அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு அத்தைக்கு லைன் லீடர் இண்டர்வியூ. இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு ஏழு மணிக்கு வெளியே வந்தார். கேட் திறந்தது. அழுத்தினார். மூடவில்லை. ஒரு சாண் நகரும், பிறகு மனம் மாறித் திரும்பிப் போகும். ரிமோட்டைத் தட்டினார், பேட்டரி மாற்றினார், கடைசியில் கெஞ்சினார். தொழிற்சாலை வேன் வந்து ஹாரன் அடித்தது.

"அண்ணே, அஞ்சு நிமிசம் லா!"

"மத்தவங்களும் வேலைக்குப் போவணும் லா, அக்கா!"

நான் பல் துலக்கியபடி வந்து, "நீங்க போங்க அத்தே, நான் வீட்ல இருக்கேன்ல" என்றேன்.

"நீ இருந்தப்பதான்டா டிவி போச்சு!"

அத்தையின் கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவரை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அண்ணே, நீங்க கெளம்புங்க" என்று வேன்காரரிடம் சொல்லவே அவர் வாயைத் திறந்துவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். காய்ந்து கல்லாய்ப் போன சந்தனம், நடுவில் குங்குமம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "வயர் லூசா இருக்கும் அத்தே, ஸ்பானர் எடுத்துட்டு வாங்க." அவர் உள்ளே ஓடியதும் பனியன் நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். ஸ்பானர் வந்ததும் மோட்டார் பெட்டியை மூன்று தட்டு தட்டினேன். அத்தை வெளியே ஓடிப்போய் ரிமோட்டை அழுத்தினார். கேட் ஒழுங்காக நகர்ந்து மூடியது. வெளிப்பக்கமிருந்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார். கம்பிக்குப் பின்னால் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று முழுக்கக் கடையில் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினால், அத்தை எனக்குப் பிடித்த நண்டு வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருச்சா அத்தே?"

"கெடச்சிருச்சு. மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. மெஷின் திடீர்னு நின்னுட்டா மொதல்ல என்னா செய்வேன்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

அத்தை நண்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "கடைசியா அதுல கை வச்சவன் பனியனைப் பாப்பேன்னு சொன்னேன்."