நஜ்மா ஃபிளாட்டில் அறிவொளிக் காலம்

வள்ளிநாயகி கலியாணம் முடித்துத் தோஹாவின் நஜ்மா பகுதியிலிருந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது அவளுடைய கணவர் அம்பலவாணர் எல்லாரையும் போன்ற மனிதராகத்தான் இருந்தார். கட்டுமான நிறுவனம் ஒன்றில் விலைக்கணக்குப் பார்க்கும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்கி வருவார், சாப்பிடுவார், தூங்குவார். 2005இல்தான் அவரைத் தத்துவம் பிடித்தது.

லீவில் கொழும்புக்குப் போனவர், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி விமானத்திலேயே பாதியைப் படித்துவிட்டார். தோஹாவில் இறங்கியது ஒரு பகுத்தறிவாளர்.

"காரணம் சொல்ல ஏலாத எதுவும் இனி இந்த வீட்டில நடக்கப்படாது" என்றார்.

சாமி விளக்கு அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டது. வெள்ளி மாலைகளில் 'அறிவொளி வட்டம்' கூடியது. ஏழெட்டு ஆண்கள். அரசன் சொன்னான், குரு சொன்னான் என்று எதையும் நம்பாதே, நீயே யோசி, மனிதனுக்கு விடுதலையே முதல் உரிமை என்று அம்பலவாணர் முழங்குவார். கிளினிக்கில் ரிசெப்ஷன் டியூட்டி முடித்து வந்த வள்ளிநாயகி தேத்தண்ணி ஊற்றுவாள். சரசு ரோல்ஸ் பொரிப்பாள்.

சரசு ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பெண். வள்ளிநாயகியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள். அவளுக்குக் கஃபீல், அதாவது விசா கொடுத்த பொறுப்பாளர், அம்பலவாணர்தான். அவர் கையெழுத்தில்லாமல் அவள் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. அவளுடைய பாஸ்போர்ட் அவருடைய அலுமாரியில், சட்டைகளுக்கு அடியில், 'பத்திரமாக' இருந்தது.

ஒருநாள் சரசு வந்து நின்றாள். "ஐயா, எம்புள்ள பெரிய மனுசியாயிட்டாளாம். தங்கச்சி போன் பண்ணுச்சு. சடங்குக்குப் போயிட்டு வந்துர்றேங்க."

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றினார். "அது உடம்பில நடக்கிற மாற்றம், சரசு. அதுக்கு ஏன் சடங்கு? சடங்கே தேவையில்லையெண்டால் லீவு என்னத்துக்கு?"

"அவ தாயெல்லே" என்றாள் வள்ளிநாயகி.

"உணர்ச்சியை விட்டிட்டு யோசியும்."

வள்ளிநாயகி யோசித்தாள். சரசு போனால் பிள்ளையை யார் பார்ப்பது, டியூட்டிக்கு எப்படிப் போவது என்றும் கூடவே யோசித்தாள். அதனால் பேசாமல் இருந்துவிட்டாள்.

மறுவருஷம் அம்பலவாணர் புத்தகத்தின் மறுபாதிக்கு வந்து சேர்ந்தார். அங்கே நிலைமை தலைகீழாக இருந்தது. நாகரிகம் மனிதனைக் கெடுக்கிறது, இயற்கையையும் இதயத்தையும் நம்பு என்றார் ஜெனீவாவில் பிறந்த ஒரு தத்துவஞானி. பகுத்தறிவு உணர்ச்சிக்கு எடுபிடி வேலைதான் பார்க்கிறது என்றார் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். பகுத்தறிவு எட்டும் தூரம் இவ்வளவுதான் என்று கோடு கிழித்தார் ஒரு ஜெர்மானியர். கவிஞர்கள் இவற்றையெல்லாம் பிடித்துக்கொண்டு மலைக்கும் புயலுக்கும் போய்விட்டார்கள்.

"ரொமான்டிசிசம் அறிவொளிக்கு எதிரியில்லை, அது பெத்த பிள்ளை!" என்று வட்டத்தில் அறிவித்தார். 'ரொமான்டிக்' என்ற சொல் காதில் விழுந்ததும் வள்ளிநாயகிக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. ஆனால் அவர் முகம் மழிப்பதை விட்டதோடு சரி.

ஜன்னலோரம் நின்று எதிர்க்கட்டடத்து ஏசிப் பெட்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தோஹாவில் மலை இல்லாததால் ஜூலை மாதத்தில் வட்டத்தை மணல்மேட்டுக்கு அழைத்துப் போனார். உச்சியில் ஏறிக் கைகளை விரித்து, "அளக்க முடியாத பேரியற்கை!" என்று கூவினார். அடுத்த கணமே ஓடிவந்து காருக்குள் ஏறி ஏசியை முழுதாகத் திறந்தார். வீட்டுக்கு வரும்வரை கண் கலங்கியிருந்தது.

அழுகிற மனிதர் இரங்குவார் என்று சரசு நினைத்தாள். "ஐயா, புள்ளய பாக்கணும் போலயே இருக்கு. ராவுல தூக்கமே வர்றதில்ல."

அம்பலவாணர் விம்மினார். "இந்த ஏக்கம்தான், சரசு, மனுசனை மனுசனாக்குது! நீ போய்ப் பிள்ளையைக் கண்டிட்டால் அது செத்துப்போகும். அதை நான் எப்பிடிச் செய்வன்?"

அடுத்த வெள்ளி 'ஹட்டன் தாயின் ஏக்கம்' என்று ஒரு கவிதை வாசித்தார். ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஹட்டன் தாய் ரோல்ஸ் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்குத்தான் வள்ளிநாயகிக்குச் சுள்ளென்றது. பகுத்தறிவும் இல்லை என்கிறது, உணர்ச்சியும் இல்லை என்கிறது. எந்த நூற்றாண்டிலும் சரசுவுக்கு லீவு இல்லை. கீழே டைப்பிங் கடைக்குப் போய் சரசு நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான எக்ஸிட் விண்ணப்பத்தை அடித்து வாங்கி வந்தாள்.

அடுத்த கூட்டத்தில் ஜெனீவாக்காரர் பற்றிப் பேச்சு. பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டுமென்று அவர் எழுதியதை அம்பலவாணர் உருகி உருகி விளக்கினார். வட்டத்துக்குப் புதிதாக வந்த இஞ்சினியர் சுஜந்தன் கேட்டான்: "அண்ணை, அவர் தன்ர பிள்ளையளை அநாதை மடத்தில விட்டவராமே?"

"ஒரு சிந்தனையாளரை அவற்ற வீட்டுக் கதையால அளக்கப்படாது, தம்பி."

வள்ளிநாயகி உள்ளே வந்து விண்ணப்பத்தை ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "சரசு ஊருக்குப் போறதுக்கு உங்கட கையெழுத்து வேணும். போடுங்கோ."

அம்பலவாணர் தாளை ஓரமாகத் தள்ளினார். "இதைப் பிறகு கதைப்பம்."

"பிறகெண்டால் எந்த நூற்றாண்டில?"

சுஜந்தன் சிரித்துவிட்டான். மற்றவர்களும் சிரித்தார்கள். அம்பலவாணர் சட்டைப் பையைத் தடவ, நாலு பக்கமிருந்தும் பேனாக்கள் நீண்டன. கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு எழுந்து நின்று விடுதலையைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவருடைய பெருந்தன்மைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குள் வள்ளிநாயகி அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்திருந்தாள். அது அங்கேதான் இருக்கிறதென்று அவளுக்கு எப்போதும் தெரியும். அந்த நினைப்பு அவளுக்கே கசந்தது.

விமான நிலையத்தில் சரசு குழந்தையை முத்தமிட்டுவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நா திரும்பி வரலன்னா கோவிச்சுக்குவீங்களா?"

வள்ளிநாயகிக்குக் கோபம் வரத்தான் செய்தது. குழந்தை, டியூட்டி, சமையல் எல்லாம் ஒரேயடியாகக் கண்முன் வந்து நின்றன. "வராட்டில் வராதை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். சரசு வரவில்லை.

வள்ளிநாயகி டியூட்டியைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள். தேத்தண்ணி வேண்டியவர்கள் தாங்களே ஊற்றிக் குடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டாள். அறிவொளி வட்டம் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு கவிதைக்குக் கண் துடைத்தவரின் வீட்டுக்கு இடம் மாறியது. அங்கே ரோல்ஸ் பொரிக்க இந்தோனேசியப் பெண் ஒருத்தி இருந்தாள்.