மல்லாந்து போகும் புழு

எங்கள் குப்பைக்குழியைக் கிளறிய அன்று என் வீட்டுக்காரர் போட்ட கூச்சல் மலைமேல் குண்டனி நாடு முழுக்கக் கேட்டிருக்கும். மரவள்ளிக்குப் போடவேண்டிய மக்கிய சாணியில் எங்கே வெட்டினாலும் வெள்ளைப் புழு.

"பூராவும் வேர்ப்புழு புள்ள! காட்டுல போட்டா கெழங்கு ஒண்ணு மிஞ்சாது. பள்ளத்துல கொட்டிப்புடறேன்."

ஒரு வருஷத்துக் குப்பை! அத்தனையும் நான் சுமந்து கொட்டியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேர் தின்னாத புழு ஒன்று உண்டு என்று கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். மக்கியதை மட்டும் தின்னும், வளர்ந்தால் பச்சை வண்டாகிப் பூவில் உட்காரும். கால் இருந்தும் முதுகால்தான் ஊரும்.

"ஏனுங்க, பொறுங்க. மல்லாக்கப் போச்சுன்னா நல்ல புழு."

சாப்பாட்டுத் தட்டில் ஒன்றை வைத்தேன். சுருண்டு கிடந்தது. கிடந்துகொண்டே இருந்தது. என் மானம் கப்பலேறும் நேரத்தில் சட்டென்று நிமிர்ந்து, கால்களெல்லாம் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே தட்டின் விளிம்புவரை ஓடியது. நான் குதித்த குதியில் கோழிகள் சிதறின.

அவர் அசரவில்லை. "போற தெச தெரியாமப் போவுது, உன்னையாட்டம். வண்டா வந்துச்சுன்னா மொத்தக் குப்பையும் காட்டுக்கு நானே சொமக்கறேன். வராட்டிப் பள்ளந்தான்."

நாலைந்து புழுக்களைக் குப்பையோடு பெயிண்ட் டப்பாவில் போட்டேன். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி மண்ணைக் குழைத்துப் பூசி, நெல்லிக்காய் அளவு உருண்டைக்குள் ஒளிந்துகொண்டது. பிறகு சத்தமே இல்லை. தினமும் டப்பாவைக் காதில் வைத்துக் கேட்டேன். பைத்தியம் என்று அவர் சிரித்தார்.

ஒருநாள் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிவிட்டுத் திரும்பினால் டப்பா கழுவிக் கவிழ்த்திருக்கிறது!

"வெறும் மண்ணாங்கட்டி புள்ள, வாசல்ல எறிஞ்சுட்டேன்."

மனுஷன் ஒத்தாசை செய்தாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலெல்லாம் துழாவினேன், எனக்கு முன்பே கோழிகள் துழாவியிருந்தன. மிளகுக்கொடியின் அடியில் ஒரே ஓர் உருண்டை அகப்பட்டது. இனி இவரை நம்பி எங்கேயும் வைப்பதற்கில்லை என்று முந்தானையில் முடிந்துகொண்டேன். சேலை மாற்றும்போதெல்லாம் முடிச்சும் மாறியது. உட்கார்ந்தால் பயம், குனிந்தால் பயம். சில்லறை முடிகிற இடத்தில் ஒரு வருஷத்துக் குப்பையையே முடிந்திருந்தேனே.

மழை விட்ட ஒரு காலையில் அவருக்குக் களி போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஏதோ பிராண்டியது. கரண்டியைப் போட்டுவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். உடைந்த மண்ணுக்குள்ளிருந்து, கண்ணாடி வளையல் பச்சையில், பளபளவென்று ஒரு வண்டு! எனக்குச் சிரிப்பு வந்தது. முதுகின் மூடியைத் திறக்காமலே, பக்கவாட்டில் இறக்கையை நீட்டி அது ரீங்காரத்தோடு எழும்பி, வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, நேராக அவர் தலையில் கட்டியிருந்த துண்டின்மேல் உட்கார்ந்தது.

அவர் அசையாமல் கேட்டார்: "என்ன புள்ள பண்ணுது?"

"குப்பைக் கூடை வெக்கற எடம் பாக்குதுங்க."