விடாத கொக்கி

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த கிளெமென்டுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் 2004இல், முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் இறங்குகிறவர்களுக்காக அவர் ஒரு பித்தளைக் கொக்கி செய்தார். தூத்துக்குடியில் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் மைத்துனன் பிராங்கிளின், தண்ணீருக்கடியில் கைவிளக்கு நழுவிப் போகிறது என்று புலம்பியதில் வந்த யோசனை. விளக்குக் கயிற்றை இடுப்புவாரோடு பிணைக்கும் அந்தக் கொக்கி, மறைவான இரண்டு குமிழ்களை அடுத்தடுத்து அழுத்தினால்தான் திறக்கும். கொடைரோட்டுப் பக்கம் ஒரு கிணற்றில் கல்லைக் கட்டி இறக்கி இழுத்துப் பார்த்தார். விடவேயில்லை. பிராங்கிளின் சரியென்றால் விற்றுத் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

சோதனை நாளில் கிளெமென்ட் படகில் காத்திருந்தார். மேலே வந்த பிராங்கிளினின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"கயிறு பழைய வலையில மாட்டிக்கிச்சு அத்தான். கூட வந்தவன் கொக்கியத் திறக்கப் பாத்தான், முடியல. கத்தியால கயித்த அறுத்துத்தான் இழுத்துட்டு வந்தான்."

"ரெண்டு குமிழையும் அமுக்கணும்ல?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச எனக்கே பதட்டத்துல வரல."

"தெரியாதவன் திறக்கக் கூடாதுன்னுதானே மாப்ள..." என்று தொடங்கிய கிளெமென்ட், தன் சொல் தன் காதிலேயே விழுந்ததும் பாதியில் நிறுத்தினார். பட்டறையில் பூட்டைக் காட்டித் தினமும் பெருமையாகச் சொல்கிற பேச்சு அது.

உருளையையும் இடுப்புவாரையும் கழற்றிய பிராங்கிளின், வாரில் பூட்டியபடியே இருந்த கொக்கியை அவர் உள்ளங்கையில் வைத்தான். "இப்ப நீங்களே திறங்க, பாப்போம்."

மூச்சுக்குக் குறைவில்லாத வெட்டவெளி. இருந்தும் ஒரு குமிழை அழுத்தினால் அடுத்தது அகப்படவில்லை. ஈரப் பித்தளையில் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கொக்கி திறக்கவில்லை.