கரி பஸ் தின்ற மருத மரங்கள்

மண்ணுக்குள் மூடி வேகவைத்த பச்சை மரத்துக்கு ஒரு புளித்த வாடை உண்டு. அடுப்புப் புகையைப் போலக் கண்ணைக் கரித்துவிட்டுப் போய்விடாது. தலைமுடியில் ஏறும், துவைத்துக் காயப்போட்ட பாவாடையில் ஏறும், சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் இருக்கும். யுத்த காலத்தில், மதுரைக்கு மேற்கே கோச்சடையில், ஒரு கோடை முழுவதும் எங்கள் ஊர் அந்த வாடைக்குள்தான் குடியிருந்தது. இன்றைக்கும் யாராவது சருகைக் கொளுத்தினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடுகிறது. இந்த வயதில் எதற்கு இவ்வளவு கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பஸ் டிரைவர். யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும், முதலாளி வண்டியின் பின்புறம் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டச் சொன்னார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "கரி பஸ்". வண்டி கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே ஓர் ஆள் பின்னால் நின்று சக்கரத்தைச் சுற்றிக் காற்றடித்து நெருப்பைக் கிளப்ப வேண்டும். மேடு வந்தால், "ஆம்பளைக எல்லாம் இறங்கித் தள்ளுங்கப்பா" என்று கண்டக்டர் கத்துவார். மதுரைக்கு வெள்ளை வேட்டியில் ஏறியவர் சாம்பல் வேட்டியில் இறங்குவார். அப்பாவின் வண்டி என்று எனக்கு அதில் தலைகொள்ளாத பெருமை. அது எதைத் தின்று ஓடுகிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊருக்கு நேராக வைகைக் கரையில் வரிசையாக மருத மரங்கள் நின்றன. பட்டை உரிந்து வெளுத்த அடிமரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அவற்றின் வேர்கள் கரையைக் கவ்விக்கொண்டு ஆற்றுக்குள் படிப்படியாக இறங்கியிருக்கும். அந்த வேர்களில் அடித்துத்தான் ஊர்ப் பெண்கள் துணி துவைத்தார்கள், மரங்களின் மறைவில்தான் குளித்தார்கள். பொந்துக்குப் பொந்து கிளிகள். வளைந்த வேர் ஒன்றில் நான் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், அம்மா துவைத்து முடிக்கும்வரை மீன்குஞ்சுகள் பாதத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்.

பஸ்களுக்குக் கரி சுட மரம் கேட்டு டவுனிலிருந்து ஒரு கரிக் காண்டிராக்டர் வந்தார். மேலே வாங்க வேண்டிய உத்தரவையெல்லாம் வாங்கியாயிற்று, ஊர் சரியென்று சொன்னால் போதும் என்றார். பிள்ளையார் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். புளிய மரத்தைக் கொடுத்தால் புளிக் குத்தகை போய்விடும். தென்னைக்கும் மாவுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். "மருத மரந்தான் ஒண்ணுக்கும் ஆகாம நிக்குது. காயா கனியா, அதை எடுத்துக்கிருங்க" என்றார் ஒரு பெரியவர். முதல் ஆளாக எழுந்து அதை ஆமோதித்தவர் என் தாய்மாமா. கரையை ஒட்டி அவருக்கு ஒரே ஒரு துண்டு நஞ்சை நிலம், அதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. "அம்புட்டையும் வெட்டுங்க. அதுல அடையிற கிளிதான் என் கதிரைக் கொத்திட்டுப் போகுது" என்றார். எல்லோரும் சிரித்தார்களாம்.

சங்கதி தெரிந்ததும் அம்மா கொதித்துப்போனாள். "குளிக்கிறது நாங்க, துவைக்கிறது நாங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்று தம்பியிடம் பாய்ந்தாள். "மரத்துக்குப் போயி சண்டைக்கு வாரியேக்கா" என்று மாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் வண்டியத்தான ஓட்டுறேன், மரத்தையா வெட்டுறேன்?" என்றார். அப்பா நல்லவர். ஆனாலும் அந்தப் பேச்சை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கிளிகள் சில நாள் வெறும் வானத்தில் கத்திக்கொண்டு சுற்றிவிட்டு எங்கோ போயின. துண்டுபோட்ட மரத்தை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, "மூட்டம்" வைத்து நாள்கணக்கில் வேகவிட்டார்கள். அதோடு விட்டிருந்தாலாவது வேர் மிஞ்சியிருக்கும். வேரோடு கூடிய அடித்தூரில் வேகிற கரிதான் நின்று எரியும் என்று காண்டிராக்டர் கரையைக் குடைந்து தூரையும் தோண்டி எடுத்தார். என் வளைந்த வேரும் அதில் போயிற்று. குழியைக் காட்டி அம்மா கேட்டதற்கு, "மழை பெஞ்சா தன்னால மூடிக்கிரும்மா" என்றார். அந்த ஆளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசியில் மேற்கே மலையில் மழை பிடித்து, ஆறு இரு கரையும் தொட்டு வந்தது. அப்படி வருவது எங்களுக்குப் புதிதல்ல. எப்போதும் வேர்களை நனைத்துவிட்டுப் போய்விடும். இந்தத் தடவை தண்ணீர் தூர் தோண்டிய குழிகளுக்குள் புகுந்து சுழல, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரை பாளம் பாளமாகச் சரிந்தது. மாமா வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு அடைக்க ஓடினார். அம்மா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அலறினாள். உச்சிப்பொழுதுக்குள் கதிர் வாங்கி நின்ற வயல் ஆறாகிவிட்டது. வெள்ளம் வடிந்தபோது அங்கே முழங்கால் அளவுக்கு மணல் கிடந்தது. கிளிகள் வரவில்லை; வந்தாலும் கொத்துவதற்கு ஒன்றுமில்லை.

கூடை கூடையாக மணலை அள்ளிப் பார்த்து ஓய்ந்துபோன மாமா, ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "மச்சான், உங்க வண்டியில ஏதாச்சும் வேலை இருக்கா?" என்று கேட்டார். காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்றுகிற வேலையை அப்பா வாங்கிக்கொடுத்தார். விடியும் முன்னே பீப்பாயில் கரியைக் கொட்டும்போது ஒரு துண்டைக் கையில் உருட்டி, "இது நம்ம ஊர் மரமாத்தான் இருக்கும், என்ன மச்சான்?" என்றாராம். அப்பா போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டாராம். கொஞ்ச காலத்தில் யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. பீப்பாயைக் கழற்றி ஷெட்டுக்குப் பின்னால் எறிந்தார்கள். மாமாவையும் இனி வரவேண்டாம் என்றார்கள். கடைசிக் காலம்வரை அவர் மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினார்.

"யுத்த காலம், வேறென்ன செய்வது?" என்று சொல்வார்கள். ஒருவர் வண்டி மட்டும் ஓட்டினார், ஒருவர் கரி மட்டும் எரித்தார், ஊர் காய்க்காத மரத்தை மட்டும் கொடுத்தது. கரையை உடைத்தது மட்டும் யாருமில்லை! இன்றைக்கு அங்கே துவைக்கும் பெண்களும் இல்லை, துவைக்கத் தண்ணீரும் இல்லை, சாக்கடை போகிறது. மாமாவின் வயல் இருந்த இடத்தில் மாடி வீடுகள்.

சென்ற மாதம் எங்கள் தெருக்காரர்கள் கரையோரம் மரம் நட என்னையும் கூப்பிட்டார்கள். நான் சொல்லிவைத்து வாங்கிய மருதங்கன்றைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இது எதுக்கு ஆச்சி? நாலு காய் காய்க்கிற மரமா வச்சா ஆகாதா?" என்றார். மாமாவும் அதே வெள்ளை மனசோடுதான் சிரித்தார் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

"நீ என்னப்பா காய்க்கிறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. பாவம், நல்ல மனிதர்தான். கன்றைக் குழிக்குள் வைத்து நானே மண்ணைத் தள்ளி மிதித்தேன்.