கார்க்காரர்

என் பக்கத்து வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய ஒரு பிரெஞ்சுக் கிழவர். காலையில் என்னைக் கண்டால் "உங்கள் அமெரிக்கக்காரி எப்படி இருக்கிறாள்?" என்றுதான் முதலில் கேட்பார். அவர் முதல் தடவை இப்படிக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. நான் கலியாணம் செய்யாத ஆள். "என் வீட்டில் அப்படி ஒருத்தியும் இல்லை மிஸ்யூ, நான் தனி ஆள்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, பாரிசின் புறநகரான திரான்சியில் எங்கள் தெருவில் அன்றைக்குப் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற என் காரைக் கைகாட்டினார். பிரெஞ்சு மொழியில் கார் பெண்பால். அமெரிக்கக் காரை வெறுமனே 'அமெரிக்கேன்' என்று சொல்லிவிடுவார்களாம். நான் கற்ற பிரெஞ்சு உணவகக் குசினியில் கற்றது. அதில் வெங்காயமும் வசைச்சொற்களும் நிறைய உண்டு, இந்த நுணுக்கங்கள் இல்லை.

அது எழுபதுகளில் செய்த ஒரு கடிலாக். கூரையைப் பின்னால் மடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடலாம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்புத் தோல் இருக்கைகள். நான் சமைத்த உணவகத்தின் முதலாளி ஆசைக்கு வாங்கி, ஆசை தீர்ந்ததும் கராஜில் போட்டுப் பூஞ்சணம் பிடிக்க விட்டிருந்தார். கடையை விற்றுவிட்டு ஓய்வுக்குப் போகும்போது அதை என் தலையில் கட்டினார். விலையை இங்கே எழுதினால் ஊரில் இருக்கும் என் அக்கா மயங்கி விழுவாள். அந்தக் காசுக்கு ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கலாமே என்று கேட்காதவர்கள், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் குறைவு. குகன் ஒருவன்தான் கேட்கவில்லை.

குகன் என்னைவிட இளையவன். பாரிசுக்கு வந்த காலத்தில் ஒரே அறையில் ஒரே மெத்தையை மாறி மாறிப் பாவித்தோம். ஒரே குசினியில் அவன் கோப்பை கழுவினான், நான் வெங்காயம் வெட்டினேன். லா கூர்னெவில் ஒரு பண்டகசாலையின் மூலையை வாடகைக்கு எடுத்துக் காரை வைத்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் டோர்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனும் அவன்தான். அவனுடைய மனைவி சுமதிக்கு ஒரே ஒரு அண்ணன். போரில் காணாமல் போனவர். அதனால் அவர்களுடைய மகள் அபி பெரியபிள்ளையாகிச் சடங்கு வைத்தபோது, சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, என்ரை பிள்ளைக்கு நீங்கள்தான் தாய்மாமன். நீங்கள்தான் தண்ணி வாக்கோணும்" என்றாள். வார்த்தேன். தண்ணீர் வார்க்கும்போது அபி சிரித்தாள். ஒரு குடும்பத்தில் எனக்கு ஒரு முறைப்பெயர் கிடைத்த நாள் அது. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குள் கதவைத் தட்டாமலே போய்வந்தேன்.

அதற்கும் முன்னர், அபிக்கு எட்டு வயது இருக்கும்போது, பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஞாயிறு காலையில் கூடுகிற ஒரு மைதானத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். காரைக் காட்சிக்கு வைப்பதென்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கூரையைத் திறந்து, எஞ்சின் மூடியை உயர்த்தி, பக்கத்தில் ஒரு மடிப்புக் கதிரையைப் போட்டு, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் காரைப் பற்றிக் கேட்க முன்பு, "உரிமையாளர் எங்கே?" என்று கேட்பார்கள். நான் துணியும் கையுமாக நிற்பதால் துடைக்க வந்த ஆள் என்று நினைப்பு. அன்றைக்கும் தொப்பி போட்ட ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்பு அபி பின்னிருக்கையில் ஏறி நின்று, பக்கத்துக் கார்க்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "இது என்ரை தொந்தொன்ரை கார்!" என்று பிரெஞ்சும் தமிழும் கலந்து கத்தினாள். தொந்தொன் என்றால் மாமா. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து அந்த மைதானத்தில் என்னிடம் உரிமையாளர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அபி எனக்கு ஒரு கட்டளை போட்டாள். தன்னுடைய கலியாணத்துக்கு நான்தான் இந்தக் காரில் கூட்டிக்கொண்டு போய், கையைப் பிடித்து உள்ளே விடவேண்டும். கூரை திறந்திருக்க வேண்டும், மழை பெய்தாலும்.

லா ஷப்பலில் எனக்குப் பெயரே 'கார்க்காரர்' என்றாகிவிட்டது. மரக்கறிக் கடை வாசலில், முடி வெட்டுகிற இடத்தில், தேர்த் திருவிழாக் கூட்டத்தில் எல்லாம், "கார்க்காரர், எப்பிடிச் சுகம்?" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழும்போது எனக்கு உள்ளுக்குள் ஏற்படும் கிளுகிளுப்பை வெளியே காட்டமாட்டேன். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கார் வைத்திருக்கும் பெரிய மனிதரும் கார்க்காரர்தான், வாடகைக் கார் ஓட்டுகிறவரும் கார்க்காரர்தான். என் அப்பா இரண்டாவது வகை. சாவகச்சேரிச் சந்தியில் ஒரு முதலாளியின் ஏ போட்டி என்கிற ஒஸ்டின் வாடகைக் காரை ஓட்டினார். எத்தனையோ மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றி இறக்கியவர், ஒரு கலியாணப் பந்தலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. சாப்பாடு பார்சலாக வெளியே வரும். கார்க் கதவைத் திறந்துவைத்து, கால்களை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடுவார். ஏன் உள்ளே போகவில்லை என்று நான் கேட்டால், "காரை ஆர் பாக்கிறது?" என்பார். எங்களைப் பந்தலுக்குள் விடமாட்டார்கள் என்று சொல்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் கடிலாக் வாங்கியது ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில் இதுதான்.

அபிக்கு லண்டனில் மாப்பிள்ளை சரிவந்தது. நல்ல பையன், படித்தவன் என்றார்கள். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பே நான் காருக்குப் புது மெருகு பூசி, குரோமை முகம் தெரியத் தேய்த்து வைத்தேன். எனக்கும் பட்டு வேட்டி சால்வை எடுத்து வைத்தேன். கலியாணத்துக்கு முதல் கிழமை குகன் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, வேட்டி வேண்டாம். கறுப்புக் கோட் சூட் போடுங்கோ. வெள்ளைக் காருக்கு அதுதான் எடுப்பு."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் அளவெடுத்துத் தைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு மடையனாக ஒரு மனிதன் இருக்க முடியும் என்பதை இப்போது எழுதும்போதுதான் முழுதாக உணர்கிறேன்.

கலியாணம் செவ்ரானில் ஒரு மண்டபத்தில். மழை இல்லை. கூரையைத் திறந்து, அபியைப் பின்னால் இருத்தி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸுக்கு நின்ற அரபுப் பெண்கள் குலவையிட்டார்கள். மண்டப வாசலில் இறங்கி, கதவைத் திறந்து, கையை நீட்டினேன். அபி பிடித்தாள். நாலு எட்டு வைத்திருப்போம். மாப்பிள்ளையின் தகப்பன் வாசலில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குகனிடம் கேட்டார்.

"இவர் ஆர்?"

குகன் என்னைப் பார்க்கவில்லை. "இவர் கார்க்காரர்" என்றான்.

நான் சிரித்தேன். எனக்குப் பிடித்த பெயரைத்தானே சொல்கிறான். இரண்டு கையையும் கூப்பி, "ஓம், கார்க்காரர் நான்தான்" என்று நானே சொன்னேன்.

"அப்ப நீர் காரோட நில்லும். சாப்பாடு வெளியில வரும்" என்றார் அவர். சொல்லிவிட்டு அபியின் கையை என் கையிலிருந்து எடுத்து, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்தார். என்னை யாரென்று தெரியாமல் இருந்தவரை 'இவர்'. தெரிந்ததும் 'நீர்', எங்கள் பேச்சில் 'நீங்கள்' என்பதற்கு ஒரு படி கீழே. அந்த ஒரு சொல்லில் நான் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டிவிட்டார். குகன் "ஓம், ஓம்" என்று தலையாட்டினான். மேளம் தொடங்கியது. எல்லோரும் உள்ளே போனார்கள். வாசலில் நின்ற ஆபிரிக்கக் காவலாளி என்னிடம் வந்து, கார் ஓட்டும் ஷோஃபர்கள் வண்டியைப் பின்பக்கம் நிறுத்தவேண்டும் என்று மிக மரியாதையாகச் சொன்னான். என்னுடைய கோட்டைப் பார்த்துத்தான் சொன்னான்.

பின்பக்கத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். தாலி கட்டும் கெட்டிமேளம் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது. அபியின் கழுத்தில் தாலி ஏறியதை நான் சத்தத்தால்தான் அறிந்தேன். பிறகு பின்கதவு திறந்தது. பார்சலைக் கொண்டு வந்தது குகன். வேறு ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தால் அவனை மன்னிக்க ஒரு சின்ன இடம் இருந்திருக்கும்.

"அண்ணை, கோவியாதேங்கோ. அவையள் விசாரிக்கிற ஆக்கள். ஊர் எது, ஊரில எந்தப் பக்கம் எண்டு கேப்பினம்."

எந்தப் பக்கம் என்பது திசையைக் கேட்கிற கேள்வி அல்ல. சாதியைக் கேட்கிற கேள்வி. ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் எங்கள் ஆட்கள் இந்தக் கேள்வியை மட்டும் மறக்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள்.

"கேட்டால் சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"சொன்னா சம்பந்தம் குழம்பிப் போமெண்டு சுமதி அழுதவள்."

"அப்ப இந்தக் கறுப்புக் கோட்?"

அவன் பார்சலின் முடிச்சை இறுக்கினான்.

"பிள்ளைக்குத் தண்ணி வாக்கேக்கை நான் எந்தப் பக்கமெண்டு உங்களுக்குத் தெரியாதோ குகன்?"

"அப்ப இஞ்சை நாங்கள் மட்டும்தானே அண்ணை" என்றான்.

அவன் அதை ஒரு சமாதானமாகத்தான் சொன்னான். பார்க்க ஆள் இல்லாதபோது நான் அண்ணன், பார்க்க ஆள் வந்தபோது கார்க்காரன். ஒரே மெத்தையில் அவன் படுத்து எழும்பிய சூடு ஆற முன்பு நான் படுத்திருக்கிறேன். பார்சலை எஞ்சின் மூடியின்மேல் வைத்துவிட்டுப் போனான். நான் அதைத் தொடவில்லை. அப்பா என்றால் சாப்பிட்டிருப்பார். அவரை அண்ணை என்று கூப்பிட்டுவிட்டு ஒருவரும் வெளியே நிறுத்தவில்லை.

சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை பொம்பிளையை லா ஷப்பலுக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டும். கடைத்தெருவில் காரில் இருந்து படம் எடுப்பது அபியின் விருப்பம். காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். அபிக்காக ஓட்டினேன். குகனும் சுமதியும் என்னவும் செய்யட்டும், நான் தண்ணீர் வார்த்த பிள்ளை அவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

தெருவுக்குள் நுழைந்ததுமே சனம் கூடிவிட்டது. மரக்கறிக் கடைக்காரர் வெங்காய மூட்டையை விட்டுவிட்டு ஓடிவந்து, "கார்க்காரர், இண்டைக்குக் கலக்கிறியள்!" என்று கத்தினார். எல்லோரும் கையசைத்தார்கள். பின்னால் இருந்த மாப்பிள்ளை, பாவம், உண்மையிலேயே நல்ல பையன், முன்னால் குனிந்து கேட்டான்.

"எல்லாருக்கும் உங்களைத் தெரியுது அண்ணை. கார் உங்கடையோ, கொம்பனியோ?"

சிவப்பு விளக்கு. பின்பார்வைக் கண்ணாடியில் அபியைப் பார்த்தேன். எட்டு வயதில் இதே பின்னிருக்கையில் ஏறி நின்று கத்தியவள். இப்போது கத்தத் தேவையில்லை, மெதுவாகச் சொன்னாலே போதும். அவளும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மருதாணி வைத்த கையில் வளையல்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"கொம்பனிக் கார், தம்பி" என்றேன்.

"நல்லா வைச்சிருக்கினம்" என்றான் அவன்.

குகன் இப்போதும் தொலைபேசி எடுக்கிறான். நான் எடுப்பதில்லை. கலியாணப் படங்களை யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். எல்லாப் படத்திலும் கார் இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் கதவைப் பிடித்திருக்கும் ஒரு கறுப்புக் கோட்டின் கை தெரிகிறது. லா ஷப்பலில் 'கார்க்காரர்' என்று கூப்பிட்டால் இன்னும் பழக்கதோஷத்தில் திரும்பிவிடுகிறேன். திரும்பிய பிறகு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் போன கிழமையும் அமெரிக்கக்காரியைச் சுகம் விசாரித்தார். சுகம் என்றேன். அவர் ஒருவர்தான் அவளை இன்னமும் என்னுடையவள் என்று சொல்லிக் கேட்கிறார்.

போன ஞாயிறு லா கூர்னெவுக்குக் காரைத் துடைக்கப் போனேன். பின்னிருக்கையின் தையலுக்குள் மணமக்கள்மேல் தூவிய அறுகரிசி கொஞ்சம் சிக்கியிருந்தது. அதைக் கிளறி எடுப்பதற்காகக் கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தேன். இவ்வளவு வருடத்தில் என் சொந்தக் காரின் பின்னிருக்கையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாய்ந்து பார்த்தேன். நல்ல சொகுசு. ஆனால் முன்னால் ஓட்ட ஆள் இல்லை. எழும்பி முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஆள் இல்லை.